இளம் ஹாக்கி வீரர்களை வளர்க்கும் பயிற்சியாளர்

ஹாக்கி எனப் பேச்சிலும் வளைகோல் பந்தாட்டம் எனப் பாடநூல்களிலும் வழங்கும் விளையாட்டில், பயிற்சியாளரின் பணி இரண்டு வகைப்படும். கையில் இருக்கும் அணியை வைத்து இன்றைய ஆட்டத்தை வெல்வது ஒன்று. அந்த அணியில் உள்ள இளம் வீரர்களை நாளைய ஆட்டத்துக்கு உரியவர்களாக வளர்ப்பது மற்றொன்று. இரண்டும் சில நேரங்களில் ஒன்றுக்கொன்று துணை நிற்கும். சில நேரங்களில் மோதிக்கொள்ளும். பள்ளி அணியிலும் மாவட்ட அணியிலும் விளையாடும் பிள்ளைகளைப் பொறுத்தவரை இரண்டாவது பணியே முதன்மையானது. ஆனால் கோப்பையைக் கண்ணால் பார்க்கலாம். வளர்ச்சியை அப்படிப் பார்க்க முடியாது. ஆகவே ஒரு பயிற்சியாளர் தம் வீரர்களை வளர்க்கிறாரா என்பதை எப்படி அறிவது என்ற கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டிலும் இந்திய அணியிலும் நடந்தவற்றைக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது. திண்டுக்கல் போன்ற ஊர்களில் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் மைதானத்துக்குப் போகும் மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது.

வெற்றியும் வளர்ச்சியும்

பள்ளி அளவிலான போட்டிகள் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடைபெறுகின்றன. இவை பெரும்பாலும் நாக் அவுட் முறையில் நடக்கும். ஓர் ஆட்டத்தில் தோற்றால் அந்த ஆண்டு முடிந்தது. எனவே உடற்கல்வி ஆசிரியர் தம்மிடம் உள்ளவர்களில் உயரமானவர்களையும் வலுவானவர்களையும் இறக்குகிறார். பதின்மூன்று வயதில் மீசை அரும்பிய மாணவன் ஓங்கி அடித்தால் எதிரணிப் பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள். கோல் விழும், கோப்பையும் வரும். அந்த மாணவன் பந்தை நிறுத்தவும், தலையை நிமிர்த்திப் பார்க்கவும், தோழனுக்குக் கொடுக்கவும் கற்றுக்கொண்டானா என்பதை அந்தக் கோப்பை சொல்லாது. பத்தொன்பது வயதில் எல்லாரும் அவன் உயரத்துக்கு வந்துவிட்ட பிறகுதான் அது தெரியவரும்.

தோல்வியே வளர்ச்சிக்கு அடையாளம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எப்போதும் தோற்கும் அணியில் பிள்ளைகள் தங்கமாட்டார்கள். வெற்றி என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதையே பார்க்க வேண்டும்.

கோவில்பட்டி காட்டும் பாடம்

தமிழ்நாட்டில் ஹாக்கி என்றால் கோவில்பட்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் பெற்ற இந்தத் தூத்துக்குடி மாவட்ட ஊரில் ஹாக்கி தலைமுறைகளாக வேரூன்றி இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி இங்கு நடத்தப்படுகிறது. செயற்கை இழை மைதானம் உள்ளது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியும் இங்கே இயங்குகிறது.

2022-ஆம் ஆண்டு மே மாதம் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைப் போட்டி நடைபெற்றபோது, இந்திய அணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த இருவர் இடம்பெற்றனர். ஒருவர் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல். மற்றவர் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம். இருவரும் கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்றவர்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தின் 9-ஆம் நிமிடத்தில் கார்த்தி கோல் அடித்தார். அந்த ஆட்டம் 1-1 என முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரியலூரில் பிறந்த சிறுவன் கோவில்பட்டிக்கு வந்து தங்கிப் பயின்றதால்தான் அந்த இடத்தை அடைந்தான். தனி ஒரு பயிற்சியாளரின் திறமை மட்டும் இதைச் செய்துவிடாது. விடுதி, சாப்பாடு, மைதானம், அருகிலேயே பள்ளி, ஆண்டு முழுவதும் ஆட்டங்கள், ஆட்டத்தைப் புரிந்து ரசிக்கும் ஊர் ஆகிய எல்லாம் சேர வேண்டும். நல்ல பயிற்சியாளர் தம்மிடம் இவை இல்லாதபோது, தம் மாணவனை இவை இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைப்பார். தம் அணியின் சிறந்த வீரனை விடுதித் தேர்வுக்கு அனுப்பினால் அடுத்த ஆண்டு கோப்பை கையை விட்டுப் போகும் என்று தெரிந்தும் அனுப்புகிறாரா என்பது ஒரு பயிற்சியாளரை அறியும் முதல் சோதனை.

ஜகார்த்தா 2022: மூன்றாம் இடம் தோல்வியா?

அந்த ஆசியக் கோப்பை இன்னொரு வகையிலும் பாடமாகிறது. 2017-இல் டாக்காவில் நடந்த முந்தைய போட்டியில் வென்று, நடப்பு வெற்றியாளராகவே இந்தியா ஜகார்த்தாவுக்குச் சென்றது. ஆயினும் முன்னணி வீரர்கள் பலரை அனுப்பாமல், இளையோர் நிறைந்த அணியே அனுப்பப்பட்டது. பயிற்சியாளராக இருந்தவர் இந்திய அணியின் முன்னாள் தலைவர் சர்தார் சிங். பீரேந்திர லக்ரா, எஸ்.வி. சுனில் ஆகிய அனுபவசாலிகள் இளையவர்களோடு சேர்க்கப்பட்டிருந்தனர்.

பாகிஸ்தானுடன் சமன் செய்த இந்தியா, ஜப்பானிடம் 2-5 எனத் தோற்றது. அடுத்த சுற்றுக்குச் செல்ல, கடைசி ஆட்டத்தில் இந்தோனேசியாவைக் குறைந்தது 15 கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டிய நிலை வந்தது. இந்திய அணி 16-0 என வென்றது. பிறகு அதே ஜப்பானை 2-1 என வென்றது. மலேசியாவுடனும் தென்கொரியாவுடனும் சமன் செய்தது. இறுதி ஆட்ட வாய்ப்பை இழந்தாலும், ஜப்பானை மீண்டும் 1-0 என வென்று வெண்கலம் பெற்றது. கோப்பை தென்கொரியாவுக்குச் சென்றது.

பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்தியா தங்கத்திலிருந்து வெண்கலத்துக்கு இறங்கியது. ஆனால் பத்து நாள்களுக்குள் 5 கோல் வாங்கிய அணியையே இரண்டு முறை வென்ற இளையோர், எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காத ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தபோது, முழு பலத்துடன் இறங்கிய இந்திய அணியில் கார்த்தி இருந்தார். மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் கோலும் அடித்தார். இறுதி ஆட்டத்தில் இந்தியா 1-3 எனப் பின்தங்கியிருந்து மலேசியாவை 4-3 என வென்றது.

2016-இன் விதை, 2021-இன் அறுவடை

வளர்ச்சிக்குக் காலம் பிடிக்கும் என்பதற்கு இந்திய ஜூனியர் அணியின் கதை சான்று. 2013-இல் புதுதில்லியில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா 10-ஆம் இடத்தையே பெற்றது. 2016 டிசம்பரில் லக்னோவில் நடந்த அடுத்த போட்டியில், பயிற்சியாளர் ஹரேந்திர சிங்கின் வழிகாட்டலில் கோப்பையை வென்றது. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை ஷூட் அவுட்டிலும், இறுதியில் பெல்ஜியத்தை 2-1 என்றும் வீழ்த்தியது. இறுதி ஆட்டத்தின் கோல்களை அடித்தவர்கள் குர்ஜந்த் சிங்கும் சிம்ரன்ஜீத் சிங்கும் ஆவர்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 5-4 என வென்று இந்தியா வெண்கலம் பெற்றது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில், தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற பிறகு 41 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் அது. அந்த வெண்கல ஆட்டத்தில் சிம்ரன்ஜீத் இரண்டு கோல் அடித்தார். அவருடன் ஹர்மன்பிரீத் சிங், மந்தீப் சிங், குர்ஜந்த் சிங், சுமித், நீலகாந்த சர்மா எனப் பலர் லக்னோ அணியிலிருந்து வந்தவர்கள். ஹர்மன்பிரீத் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி மற்றொரு வெண்கலம் பெற்றுத் தந்தார்.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2016 ஜூனியர் அணியின் தலைவராக இருந்த ஹர்ஜீத் சிங்குக்கு டோக்கியோ அணியில் இடம் கிடைக்கவில்லை. உலகக் கோப்பை வென்ற அணியிலேயே எல்லாரும் மேலே போய்விடவில்லை என்றால், மாவட்ட அணியில் எத்தனை பேர் போவார்கள்? ஆகவே "எத்தனை பேர் இந்திய அணிக்குப் போனார்கள்" என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. போகாதவர்களுக்கு அந்த ஆண்டுகள் என்ன தந்தன என்பதும் அளவுகோலே.

ஆட்ட நேரக் கணக்கு

பயிற்சியாளரின் மனத்தை அறிய எளிய வழி, யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று எண்ணுவதுதான். ஹாக்கியில் ஓர் ஆட்டம் தலா 15 நிமிடங்கள் கொண்ட 4 காற்பகுதிகளாக, மொத்தம் 60 நிமிடங்கள் ஆடப்படுகிறது. களத்தில் 11 பேர் இருப்பர். கால்பந்தைப் போலன்றி, மாற்று வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே அனுப்பலாம்; வெளியே வந்தவர் மீண்டும் உள்ளே போகலாம். பிள்ளைகளை வளர்க்க விரும்பும் பயிற்சியாளருக்கு விதிமுறையே தந்திருக்கும் வசதி இது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் அணியில் 16 பேர். அவர்களில் இருவர் கோல்கீப்பர்கள். மீதி 14 பேர் களவீரர்கள். ஒரு நேரத்தில் களத்தில் இருக்கும் களவீரர்கள் 10 பேர். நான்கு ஆட்டங்கள் கொண்ட ஒரு தொடரில்,

மொத்த நேரம்: 4 × 60 = 240 நிமிடங்கள்
களவீரர்களின் மொத்த ஆட்ட நேரம்: 240 × 10 = 2,400 நிமிடங்கள்
ஒருவருக்குச் சராசரி: 2,400 ÷ 14 = ஏறத்தாழ 171 நிமிடங்கள்

எல்லாருக்கும் சரியாக 171 நிமிடங்கள் தர வேண்டியதில்லை. நன்றாக ஆடுபவர் 220 நிமிடங்கள் ஆடட்டும். புதியவர் 90 நிமிடங்கள் ஆடட்டும். ஆனால் பத்துப் பேர் 240 நிமிடங்களும் ஆடி, நான்கு பேர் ஒரு நிமிடம்கூட ஆடாமல் திரும்பினால், அங்கே நான்கு பேர் வளர்க்கப்படவில்லை. 4-0 என முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தின் கடைசிக் காற்பகுதியிலும் அவர்களை இறக்காத பயிற்சியாளரிடம் அதற்குக் காரணம் கேட்கலாம். உங்கள் பள்ளிப் போட்டியில் ஆட்ட நேரம் குறைவாக இருந்தால் 60-க்குப் பதில் அந்த எண்ணைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் பார்த்த ஒன்றை இங்கே குறிப்பிடலாம். மூன்று ஆண்டுகள் ஒரு நாள் தவறாமல் காலைப் பயிற்சிக்கு வந்த மாணவன் ஒருவன், குறுவட்டப் போட்டி முழுவதும் சீருடை அணிந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அணி வென்றது. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லாரையும் மேடைக்கு அழைத்தார்கள். அவனும் ஏறி நின்றான். அதற்கடுத்த வாரம் மட்டையை ஆசிரியர் அறையில் திருப்பி வைத்துவிட்டுப் போனவன், பிறகு மைதானத்துப் பக்கம் வரவே இல்லை. அந்தப் பயிற்சியாளர் கெட்டவர் அல்லர். தோற்றுவிடுவோமோ என்று பயந்தவர். வகுப்பில் அவனுக்குப் பாடம் நடத்திய நானும், "நீ ஏன் இப்போது விளையாடப் போவதில்லை?" என்று கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

பயிற்சியில் பந்து யாரிடம் இருக்கிறது?

பயிற்சியின்போது மைதான ஓரத்தில் நின்று பார்த்தாலே பலவும் புரியும். பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராகப் பந்தை ஓட்டிச் சென்று கோல் அடிக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்குப் 10 விநாடி ஆகும் என்றால் 20 நிமிடங்களில் 120 முறை நடக்கும். ஒருவருக்குக் கிடைப்பது 10 முறை. மீதி நேரமெல்லாம் நிற்பதுதான். அதே பன்னிரண்டு பேரை மூன்று மூன்று பேராக நான்கு குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கு ஓர் இடம் கொடுத்தால் ஒருவருக்கு 40 முறை கிடைக்கும். இதற்கு வேண்டியது கூடுதலாக மூன்று பந்துகளும் சில அடையாளக் கூம்புகளும் மட்டுமே. கூம்பு இல்லாவிட்டால் செங்கல்லோ செருப்போ போதும்.

பெரிய மைதானத்தில் (91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம்) பதினொருவர் ஆடுவதைவிட, சிறிய இடத்தில் நால்வருக்கு நால்வர், ஐவருக்கு ஐவர் ஆடும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அடிக்கடி வரும். முடிவெடுக்கும் வாய்ப்பும் கூடும். 2018-இல் பியூனஸ் அயர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் ஐவர் ஹாக்கியே ஆடப்பட்டது. இந்தியச் சிறுவர் அணியும் சிறுமியர் அணியும் வெள்ளி வென்றன. சிறுவர் அணியின் தலைவர் விவேக் சாகர் பிரசாத் அதே ஆண்டில், 17 வயதிலேயே இந்திய மூத்தோர் அணியிலும் ஆடத் தொடங்கியிருந்தார். பிறகு டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளிலும் ஆடினார்.

ஒரு பிள்ளையை எப்போதும் ஒரே இடத்தில் ஆடவைப்பதும் சரியன்று. பதினான்கு வயது வரையாவது முன்களம், நடுக்களம், பின்களம் என்று மாற்றி ஆடவைக்க வேண்டும். "நீ குண்டாக இருக்கிறாய், கோலில் நில்" என்று சொல்லி ஒருவனைக் கோல்கீப்பராக்குவது தேர்வு ஆகாது, அது ஒதுக்கல். கோல்கீப்பருக்கு வேகமும் துணிவும் கூர்ந்த பார்வையும் வேண்டும்.

வயதும் உடல் வளர்ச்சியும்

வயதுப் பிரிவுப் போட்டிகளில் ஜனவரி 1 போன்ற ஒரு தேதியை வைத்து வயது கணக்கிடப்படுகிறது. அதனால் ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பன்னிரண்டு வயதில் ஓராண்டு என்பது பெரிய வித்தியாசம். கனடாவின் பனி ஹாக்கி வீரர்களை 1980-களில் ஆராய்ந்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் தேர்வு பெற்ற அணிகளில் மிகுதியாக இருப்பது தெரியவந்தது. சற்று மூத்தவன் வலுவாகத் தெரிகிறான், தேர்வு பெறுகிறான், நல்ல பயிற்சி அவனுக்கே கிடைக்கிறது, அதனால் உண்மையிலேயே சிறந்தவன் ஆகிவிடுகிறான். இளையவன் திறமை இல்லாதவன் என்று ஒதுக்கப்படுகிறான்.

உடல் வேகமாக வளரும் பருவமும் ஒருவருக்கொருவர் மாறுபடும். பொதுவாகப் பெண் பிள்ளைகளுக்குப் 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் உயரம் மிக வேகமாகக் கூடும். அந்தக் காலத்தில் கை கால்களின் ஒத்திசைவு சற்றுக் குலையும். நேற்று வரை அழகாகப் பந்தை நிறுத்தியவன் இன்று தடுமாறுவான். முழங்கால் முன்புற வலி வரும். இதைச் சோம்பல் என்று திட்டி மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் பயிற்சியாளருக்குப் பிள்ளைகளின் உடல் பற்றித் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும். தெரிந்தவர் சில மாதங்கள் பொறுப்பார், சுமையைக் குறைப்பார்.

மட்டையின் நீளமும் பிள்ளையின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அண்ணன் வைத்திருந்த நீண்ட மட்டையோடு வரும் சிறுவன் அதை நடுவில் பிடித்து ஆடுவான். தவறான பிடி பழகிவிடும். கால் காப்பு, பல் காப்பு இல்லாமல் ஆடவைப்பதும், முகக்கவசம் இல்லாமல் பெனால்டி கார்னரில் பந்தை நோக்கி ஓடவைப்பதும் ஆபத்து. ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் எடையுள்ள கடினமான பந்து என்பதை மறக்கக் கூடாது.

வயதைக் குறைத்துச் சான்றிதழ் கொடுத்து ஆடவைப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது கோப்பைக்காகச் செய்யப்படும் பொய். இடம் இழக்கும் உண்மையான வயதுடைய பிள்ளைக்கு இழைக்கும் தீங்கு ஒருபுறம். பொய்யால் உள்ளே வந்த பிள்ளைக்கு, தன் ஆசிரியரே பொய்யைக் கற்றுக்கொடுத்தார் என்ற பாடம் மறுபுறம்.

மண் மைதானமும் செயற்கை இழை மைதானமும்

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கை இழை மைதானத்தில் ஹாக்கி ஆடப்பட்டது. புல்தரையில் பலமுறை ஒலிம்பிக்கில் தங்கம் கண்டிருந்த ஆட்ட மரபுகளில் வந்த நாடுகள் அங்கே திணறின. இந்தியா 7-ஆம் இடம் பெற்றது. இன்று மேல்மட்ட ஆட்டம் முழுவதும் செயற்கைத் தரையில்தான். ஆனால் நம் பள்ளிகளில் இருப்பவை மண் மைதானங்கள். மண்ணில் பந்து எகிறும், திசை மாறும். அதனால் நிறுத்துவதற்கே கவனம் முழுதும் போய்விடும். செயற்கைத் தரையில் பந்து வேகமாகவும் நேராகவும் வரும். அங்கே விரைவாகக் கடத்துவதும் தாழ்ந்து குனிந்து ஆடுவதும் முதன்மை பெறும்.

திண்டுக்கல்லிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் இருக்கும் மதுரையில் இப்போது பன்னாட்டுத் தரத்திலான ஹாக்கி மைதானம் உள்ளது. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை நடைபெற்றது. 24 நாடுகள் கலந்துகொண்டன, ஜெர்மனி வென்றது. பி.ஆர். ஸ்ரீஜேஷ் பயிற்சி அளித்த இந்திய அணி, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்து, கடைசிக் காற்பகுதியில் 4 கோல் அடித்து 4-2 என வென்றது.

மைதானம் அருகில் வந்துவிட்டது என்பதாலேயே நம் பிள்ளைகள் அங்கே போய்விடமாட்டார்கள். யாராவது அழைத்துச் செல்ல வேண்டும். மாதம் ஒரு முறை, ஒரு வேன் பேசி, அணியைச் செயற்கைத் தரைக்கு அழைத்துச் சென்று இரண்டு மணி நேரம் ஆடவைக்கும் பயிற்சியாளர் பெரிய வேலை செய்கிறார். அது முடியாதவர் மண் மைதானத்தையே நன்றாகப் பயன்படுத்தலாம். காலையில் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி வைத்தால் பந்து எகிறுவது குறையும். வசதி இல்லாத இடத்திலிருந்தும் வீரர்கள் வந்திருக்கிறார்கள். தமிழ்ப் பெற்றோருக்குப் புனே அருகே கட்கியில் பிறந்த தன்ராஜ் பிள்ளை, உடைந்த மட்டைகளைக் கொண்டு ஆடப் பழகியவர். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். 1998 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். ஆனால் அவரை எடுத்துக்காட்டி, "வசதி எதற்கு?" என்று கேட்பது தவறு. உடைந்த மட்டையோடு நின்றுபோனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

படிப்பும் பாதுகாப்பும்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் வரும்போது பல பிள்ளைகள் மைதானத்தை விட்டு விடுகிறார்கள். "விளையாட்டா, படிப்பா?" என்று வீட்டில் கேட்கும்போது பயிற்சியாளர் என்ன சொல்கிறார் என்பது முக்கியம். வளர்க்கும் பயிற்சியாளர் தேர்வுக் காலத்தில் பயிற்சியைக் குறைப்பார், மதிப்பெண்ணைக் கேட்பார், வகுப்பாசிரியரிடம் பேசுவார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும், தமிழ்நாடு அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடும் உண்டு என்பதையும், எந்த அளவிலான போட்டிச் சான்றிதழ் அதற்குச் செல்லும் என்பதையும் எடுத்துச் சொல்வார். சான்றிதழ்களைப் பத்திரமாக வைக்கச் சொல்வதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

பெண் பிள்ளைகள் பூப்பெய்திய பிறகு விளையாட்டை நிறுத்திவிடுவது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. உடை மாற்ற ஓர் அறை, கழிப்பறை, வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது உடன் வர ஓர் ஆசிரியை என இம்மூன்றும் இருந்தால் பல வீடுகளில் அனுமதி கிடைக்கும். அடிப்பது, உடலைப் பற்றிக் கேலி பேசுவது, தனியாக அழைப்பது ஆகியவை எந்த வெற்றியாலும் நியாயப்படாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. சிறுவர் உதவி எண் 1098. இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லும் பயிற்சியாளரை நம்பலாம்.

பயிற்சியாளரின் தரப்பு

குறை சொல்வது எளிது. நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருக்கும் பள்ளிகள் பல. ஹாக்கி, கபடி, தடகளம், அணிவகுப்பு, ஒழுங்கு என எல்லாமே அவர் தலையில். வெயில் ஏறும் முன் காலை ஆறு மணிக்கே மைதானத்துக்கு வந்து, பல நேரம் சொந்தப் பணத்தில் பந்தும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. ஆண்டு இறுதியில் அவரிடம் கேட்கப்படுவது "எத்தனை கோப்பை?" என்பது மட்டும்தான். அப்படிக் கேட்கும் பள்ளியும் பெற்றோரும், பிறகு அவர் கோப்பையை மட்டும் துரத்துகிறார் என்று குறைப்படுவது முறையாகாது. கேள்வியை மாற்றினால் பயிற்சியும் மாறும். நாக் அவுட் போட்டிகளோடு, சுற்றுப்புறப் பள்ளிகள் சேர்ந்து சிறு லீக் ஆட்டங்கள் நடத்தினால், ஒரு தோல்வியோடு ஆண்டு முடிந்துவிடாது. புதிய பிள்ளைகளை இறக்கிப் பார்க்கும் துணிவும் ஆசிரியருக்கு வரும்.

கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள்

ஒரு பயிற்சியாளர் இளம் வீரர்களை வளர்க்கிறாரா என்று அறிய, பெற்றோரும் மாணவரும் ஒரு பருவம் முழுவதும் கவனித்துக் கீழ்க்கண்டவற்றுக்கு விடை தேடலாம்.

1. அணியில் உள்ள அனைவருக்கும் ஆட்ட நேரம் கிடைத்ததா?
2. பயிற்சியில் பிள்ளைகள் நிற்கும் நேரம் அதிகமா, பந்தோடு இருக்கும் நேரம் அதிகமா?
3. தவறு செய்த பிள்ளையை உடனே வெளியே இழுக்கிறாரா, திருத்திக்கொள்ள விடுகிறாரா?
4. சென்ற ஆண்டு செய்ய முடியாத எதை இந்த ஆண்டு உங்கள் பிள்ளை செய்கிறான் அல்லது செய்கிறாள்? பயிற்சியாளரால் அதைப் பெயர் சொல்லிச் சொல்ல முடிகிறதா?
5. சிறிய உருவம் கொண்ட பிள்ளைகள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அணியில் இருக்கிறார்களா?
6. சிறந்த வீரரை விடுதித் தேர்வுக்கும் மாநில முகாமுக்கும் மகிழ்ச்சியோடு அனுப்புகிறாரா?
7. காயம்பட்ட பிள்ளையை ஓய்வெடுக்க விடுகிறாரா?
8. பள்ளி முடித்துப் போனவர்கள் அவரைப் பார்க்க மைதானத்துக்கு வருகிறார்களா?

இவற்றுள் நான்காவது கேள்வியே மிகவும் பயனுள்ளது. "நன்றாக ஆடுகிறான்" என்பது விடை ஆகாது. "இடப்பக்கம் வரும் பந்தை மட்டையைத் திருப்பி நிறுத்த இப்போது பழகிவிட்டான், அடுத்து, நிறுத்துவதற்கு முன்பே தோழன் எங்கே என்று பார்க்கப் பழக வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் பிள்ளையைக் கவனித்திருக்கிறார் என்று பொருள். பதினாறு பிள்ளைகளில் ஒவ்வொருவரைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடிந்தவரே அணியை வளர்க்கும் பயிற்சியாளர். அந்த ஆண்டு கோப்பை வந்ததா என்பது அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி.